கடைமடைக்கு வந்ததா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 'சர்வர்' என்றால் தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியும்தான் ஞாபகம் வரும். 1964-ல் நாகேஷ் 'சர்வர் சுந்தர'மாக வந்து நின்றபோது தமிழ்நாடே கைதட்டியது. இப்போது அதே வார்த்தையைச் சொன்னால் ரேஷன் கடை வாசலில் நிற்கிற கூட்டம் 'உச்' கொட்டுகிறது. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020-ல் கைரேகை வந்தது. அழைக்காமல் கூடவே வந்த மூன்றாவது விருந்தாளி 'சர்வர் டவுன்'. பருப்பு இருக்கிறது, பாமாயில் இருக்கிறது, தராசு இருக்கிறது, கடைக்காரரும் இருக்கிறார். எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆசாமி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்தால்தான் அரிசி.

அந்த ஆசாமியைத் தட்டி எழுப்பி, நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற வேலையை மனிதன் செய்யாமல் இன்னொரு புரோகிராமே செய்யும்படி ஆன கதைதான் இந்த வாரம். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாதிக் கதை வயலில்தான் நடக்கிறது.

2022 நவம்பர் 11. சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நூறு வருஷத்தில் பார்க்காத மழை என்றார்கள். பிரளயத்தில் தோணியாக மிதந்த ஊர் என்று தலபுராணம் சொல்கிற ஊர் அது. தோணிபுரம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்குப் புராணத்தை நம்பாதவர்களும் நம்பியிருப்பார்கள். சம்பாப் பயிர் எது, வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. முதலமைச்சர் நேரில் வந்து பார்த்து, சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்.

இதில் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. வயல் மூழ்கியது 11-ம் தேதி. சம்பாவுக்குப் பயிர் இன்ஷூரன்ஸ் பதிவு செய்யக் கடைசி நாள் 15-ம் தேதி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பயிரைப் பார்த்துவிட்டு வந்த விவசாயி, வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்க வேண்டும், சிட்டா எடுக்க வேண்டும், ஆதார் கார்டையும் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பொது சேவை மையத்துக்கோ கூட்டுறவு வங்கிக்கோ போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் எங்கோ இருக்கிற சர்வரோடு பேச வேண்டும். அது பேசினால் ரசீது, பேசாவிட்டால் 'நாளைக்கு வாங்க'. கடைசி நாட்களில் சர்வர் நத்தை மாதிரி ஊர்கிறது என்ற புகார் வருஷா வருஷம் கேட்பதுதான். அந்த வருஷம் அரசாங்கம் கெடுவை 21-ம் தேதி வரை நீட்டித்தது. நல்ல காரியம்.

இந்த மாதிரி நேரத்தில் சர்வர் இருக்கிற இடத்துக்குப் போன் போட்டு "என்ன சார், சர்வர் டவுனா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே, எல்லாம் பச்சை லைட்தான் எரியுது" என்பார் அங்கே உட்கார்ந்திருக்கிற இன்ஜினீயர். சேவை மையத்துப் பையனைக் கேட்டால் "காலையிலேர்ந்தே டவுன் சார்" என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சர்வருக்குக் கரன்ட் இருக்கிறது, மூச்சு விடுகிறது, 'இருக்கியா?' என்றால் 'இருக்கேன்' என்கிறது. ஆனால் செல்போனுக்கு ஓ.டி.பி. வரவில்லை. அல்லது அடங்கலை ஏற்றினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்து, ஒரு வரி கூட புதிதாக எழுத முடியாமல் திணறுகிறது. சர்வர்கள் படுத்துக்கொள்வதற்கான காரணங்களில் மிக அற்பமானதும் மிகப் பிரபலமானதும் இந்த டிஸ்க் நிரம்பும் வியாதிதான்.

இந்த வித்தியாசத்தை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. பூத்தூவித் திறக்கிற போட்டோ மறுநாள் பேப்பரில் வந்துவிடும். இத்தனை ஆயிரம் கன அடி என்று கணக்கும் வரும். கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள் ஆகிறது. 2022-ல் மே 24-ம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. 27-ம் தேதி கல்லணை திறந்தது. அங்கேயிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளை வாய்க்காலாகி, ஒவ்வொரு மதகிலும் ஒரு பங்கு கழிந்து, கடைசியில் பூம்புகாருக்குக் கொஞ்சம் முன்னால் மேலையூர் கதவணைக்கு வந்து சேர வேண்டும். பூம்புகார் சீர்காழி வட்டத்தில்தான் இருக்கிறது. காவிரியின் வால் நுனி.

"அணை திறந்தாச்சு" என்பது மேட்டூரின் பதில். "கடைமடைக்கு வந்ததா?" என்பது சீர்காழியின் கேள்வி. நடுவில் ஒரு ஷட்டர் துருப்பிடித்திருந்தாலும், ஒரு வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தாலும், தலைமடையில் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும், கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும்.

சர்வர் நிர்வாகத்தின் சரித்திரமும் தலைமடைக் கேள்வியிலிருந்து கடைமடைக் கேள்விக்கு வந்து சேர்ந்த சரித்திரம்தான். அதற்கு முப்பது வருஷம் ஆயிற்று.

ஆரம்பத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் கோயில் குருக்கள் மாதிரி. கர்ப்பக்கிருகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எந்த ஃபைலை எங்கே வைத்தோம், எதை மாற்றினால் எது நிற்கும் என்பதெல்லாம் அவர் மண்டையில். அவர் கல்யாணத்துக்கு லீவு போட்டால் ஆபீஸே சாமி கும்பிடும். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' என்று ஒரு குட்டிச் சாதனம் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு இதைச் செய், ஞாயிற்றுக்கிழமை அதைச் செய் என்று எழுதி வைத்துவிட்டால் செய்துவிடும். கூர்க்கா மாதிரி. சொன்னதைச் செய்யும், செய்தது சரியாக நடந்ததா என்று திரும்பிப் பார்க்காது.

1993-ல் நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் என்று ஓர் இங்கிலீஷ்காரர் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். டிபார்ட்மென்டில் இருந்த கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியின் யூனிக்ஸ். ஒன்றுக்கு எழுதிய கட்டளை இன்னொன்றில் ஓடாது. பௌதிகக்காரர் இல்லையா, வேறு மாதிரி யோசித்தார். 'இதைச் செய், அதைச் செய்' என்று கட்டளை போடுவதை விட்டுவிட்டு, 'கடைசியில் நீ இப்படி இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன? மிஷின் அவ்வப்போது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும். எழுதியபடி இருந்தால் சும்மா இருக்கட்டும், இல்லாவிட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும். அவர் எழுதிய சாஃப்ட்வேருக்கு சி.எஃப்.இன்ஜின் என்று பெயர். 1998-ல் இதையே உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஜலதோஷம் பிடித்தால் உடம்பு டாக்டரைக் கேட்டுக்கொண்டா சண்டை போடுகிறது?

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய தாவல் இதுதான். அதுவரை சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பது ஓர் ஆளின் ஞாபகம். அதற்கப்புறம் அது எழுத்தில் இருக்கிற சாசனம். எழுதி வைத்துவிட்டால் ஒத்துப்பார்க்கலாம். ஒத்துப்பார்ப்பது சீர்காழிக்குப் புதுசில்லை. அந்த ஊர்க்காரரான திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம், முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றே. ஓலையில் பிரதி எடுக்கிறவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் திருப்பிப் படித்ததும் மாட்டிக்கொள்வார். அவர் அதற்காகப் பாடவில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், தப்பைத் தானே காட்டிக்கொடுக்கிற எழுத்து என்ற வகையில் அதை விட அழகான உதாரணம் கிடைக்கவில்லை.

இதே சமயத்தில் இன்னொரு தெருவில், புரோகிராம் எழுதுகிறவர்கள் மத்தியில், ஒரு புதுப் பழக்கம் கிளம்பியது. கென்ட் பெக் என்ற அமெரிக்கர், புரோகிராமைச் சோதிக்கிற வேலையையும் புரோகிராமாகவே எழுதிவிடு என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். 1997-ல் ஜூரிக்கிலிருந்து அட்லான்டாவுக்குப் போகிற விமானத்தில் அவரும் எரிக் காமாவும் சேர்ந்து உட்கார்ந்து 'ஜேயூனிட்' என்று ஒரு சின்னச் சோதனைக் கருவியை எழுதி முடித்தார்கள். நம்மவர்களாக இருந்தால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டிருப்போம். அதன் சித்தாந்தம் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும்: முதலில் சோதனையை எழுது. அதை ஓட்டு. சிவப்பாகத் தோற்கும், ஏனென்றால் சோதிக்க வேண்டிய புரோகிராமே இன்னும் எழுதவில்லையே. பிறகு அது பச்சையாகிற அளவுக்குப் புரோகிராம் எழுது. பரீட்சைத் தாளைத் தயார் செய்துவிட்டுப் பாடம் படிக்கிற மாதிரி. ஆனால் வேலை செய்தது.

புரோகிராம்காரர்கள் தெருவும் சர்வர்காரர்கள் தெருவும் ரொம்ப நாள் பேசிக்கொள்ளவில்லை. முன்னவர்களுக்குப் புதுசு புதுசாக மாற்ற வேண்டும். பின்னவர்களுக்கு ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக்கூடாது. மாமியார் மருமகள் சண்டை. 2005-ல் லூக் கேனிஸ் என்பவர் 'பப்பெட்' கொண்டுவந்தார். 2009-ல் 'செஃப்' வந்தது. இரண்டும் பர்ஜஸ் போட்ட பாதையில் நடந்தவை. சர்வரின் முழு ஜாதகத்தையும் புரோகிராம் மாதிரி எழுதி வைக்கலாம். 2009 அக்டோபரில் பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் பாட்ரிக் டெபோவா என்பவர் இரண்டு கோஷ்டியையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஒரு மாநாடு போட்டார். 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயர் அங்கேயிருந்துதான் பரவியது. சர்வரின் ஜாதகமும் ஒரு புரோகிராம்தான் என்றால், கென்ட் பெக் சொன்ன பரீட்சையை அதற்கும் வைக்கலாமே? 2011-ல் ஸ்டீபன் நெல்சன்-ஸ்மித் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 2013-ல் ஜப்பானில் கோசுகே மியாஷிதா 'சர்வர்ஸ்பெக்' என்று ஒன்றை வெளியிட்டார். இந்தச் சேவை ஓட வேண்டும், இந்த வாசல் திறந்திருக்க வேண்டும், இந்த ஃபைல் இன்னாருக்குத்தான் சொந்தமாக இருக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்தால், ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பச்சையோ சிவப்போ காட்டும்.

இத்தனை பச்சையும் தலைமடைப் பச்சை என்பதை கவனித்தீர்களா? 1999-லிருந்து ஈதன் காலஸ்டாட் எழுதிய 'நாகியோஸ்' என்ற காவல்கார சாஃப்ட்வேர் உலகம் பூராவும் சர்வர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது கேட்பது 'இருக்கியா?' என்பதைத்தான். சீர்காழிக்காரர் கேட்பது 'ரசீது வருமா?' என்பதை. இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் லின்ட்ஸே ஹோம்வுட் என்ற ஆஸ்திரேலியர் 2009 வாக்கில் ஒரு விசித்திரக் கல்யாணம் செய்துவைத்தார். புரோகிராம்காரர்களிடம் 'கியூகம்பர்' என்று ஒரு சோதனைக் கருவி இருந்தது. பெயர் வெள்ளரிக்காய்தான். 'வாடிக்கையாளர் இந்தப் பக்கத்துக்கு வருகிறார், இதை அழுத்துகிறார், அவருக்கு இது தெரிய வேண்டும்' என்று சாதாரண மனுஷ பாஷையிலேயே அதில் சோதனை எழுதலாம். அதைக் கொண்டுபோய் நாகியோஸோடு சேர்த்துவிட்டார். காவல்காரர் இப்போது 'இருக்கியா?' என்று கேட்பதோடு நிற்காமல், தானே வாடிக்கையாளர் வேஷம் போட்டு வரிசையில் நின்று பார்த்தார்.

இதெல்லாம் இல்லாமல் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு பங்குச் சந்தைக் கதை. கொஞ்சம் நின்று கேளுங்கள், இந்த மாதிரிக் கதை அடிக்கடி கிடைக்காது.

நைட் கேபிடல் என்பது அமெரிக்காவில் ஜெர்ஸி சிட்டியில் இருந்த பெரிய பங்குத் தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதுத் திட்டம் ஆரம்பமாவதாக இருந்தது. அதற்காகப் புதிய புரோகிராம் எழுதி, முந்தின சில நாட்களில் தன்னுடைய எட்டு சர்வர்களிலும் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏற்றிய டெக்னீஷியன் ஏழில் ஏற்றினார். எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய புரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003-லிருந்து யாரும் அதைத் தொடவில்லை, அழிக்கவும் இல்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கிற உடைந்த பம்ப் ஸ்டவ் மாதிரி. புதுப் புரோகிராமை எழுப்புவதற்கு வைத்த சமிக்ஞை, முன்னொரு காலத்தில் பவர் பெக்கை எழுப்ப வைத்திருந்த அதே சமிக்ஞை. ஒன்பதரைக்கு மணி அடித்தது. ஏழு சர்வர்களில் புதுப் புரோகிராம் எழுந்தது. எட்டாவதில் ஒன்பது வருஷம் தூங்கியவர் எழுந்தார். 'கேட்ட அளவு வாங்கியாச்சு, போதும்' என்று நிறுத்துகிற பகுதியை 2005-லேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அதற்கப்புறம் பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எனவே அவருக்குப் போதும் என்பதே தெரியாது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் புறப்பட்டு, 45 நிமிஷத்தில் 154 கம்பெனிகளின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் செய்துவிட்டார்.

இதில் இரண்டு விஷயங்கள் வயிற்றெரிச்சல். சந்தை திறப்பதற்கு முன்னால், காலை எட்டு மணியிலிருந்தே, 'பவர் பெக்' என்ற பெயரைக் குறிப்பிட்டு 97 ஈமெயில்கள் ஊழியர்களுக்குப் போயிருக்கின்றன. மிஷின் தன்னால் முடிந்தவரை கத்தியிருக்கிறது. அவை எச்சரிக்கை மணியாக அமைக்கப்பட்டவை அல்ல என்பதால் யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாவது, பதற்றத்தில் புதுப் புரோகிராம்தான் வில்லன் என்று நினைத்து, ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டிலும் பவர் பெக்! நஷ்டம் 46 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். சில மாதங்களில் கம்பெனி இன்னொருவர் கைக்குப் போயிற்று. 2013-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 1.2 கோடி டாலர் அபராதமும் போட்டது.

எட்டு சர்வரிலும் ஒரே புரோகிராம்தான் இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கிற சோதனை எழுத எத்தனை வரி வேண்டும்? ஐந்தாறு. அதைக் காலை எட்டு மணிக்கு ஓட்டியிருந்தால் ஒன்று சிவப்பாக எரிந்திருக்கும், யாராவது காபியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

சரி, சோதனை இருந்தால் மட்டும் போதுமா? 2024 ஜூலை 19-ம் தேதி வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நம்மூர் ஏர்போர்ட்டுகளில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி, நம் நேரப்படி காலை 9.39-க்கு உலகம் பூராவும் ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. 10.57-க்கு வாபஸ் வாங்கியது. அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. எழுப்ப வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். பாதுகாப்புக்கு வைத்த கூர்க்காவே வாசலை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாதிரி.

இந்தக் கம்பெனி சோதனையே செய்யாத கம்பெனி இல்லை. தானியங்கிச் சோதனைகள் இருந்தன, எல்லாம் பச்சை. பிற்பாடு அவர்களே வெளியிட்ட அறிக்கைப்படி நடந்தது இது: ஒரு படிவத்தில் 21 கட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்புகிற புரோகிராம் 20 கட்டங்களுக்குத்தான் விவரம் கொடுத்தது. இது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் சோதனைகளில் எல்லாம் 21-வது கட்டத்தில் 'எதுவாக இருந்தாலும் ஓ.கே.' என்று போட்டிருந்தார்கள். எதுவாக இருந்தாலும் சரி என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஜூலை 19-ம் தேதி அனுப்பிய ஃபைல்தான் முதல்முதலாக 21-வது கட்டத்தில் உண்மையாகவே ஒரு மதிப்பைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. வாடகை வீட்டில் மூன்றாவது மாடி இல்லை என்பது படியேறிப் போகிறவனுக்குத்தான் தெரியும். ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இன்னொரு சோதனைக் கருவியும் 21 விவரம் வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

அதை விடவும் எனக்கு ஆச்சரியம், அத்தனை கம்ப்யூட்டருக்கும் ஒரே மூச்சில் அனுப்பியது. வாய்க்காலில் முதல் தண்ணீரை முழுசாகத் திறந்துவிடுகிற லஸ்கரை ஊரே திட்டும். கொஞ்சம் விட்டு, கரை தாங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் இன்னும் கொஞ்சம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கிரவுட்ஸ்ட்ரைக்கும் கட்டம் கட்டமாக அனுப்புகிற முறைக்கு மாறியது.

நம் பக்கத்திலேயே கடைமடைவரை சோதிக்கிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சீர்காழிக் கடற்கரையில் பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் என்று எந்த ஊருக்கும் 'அலை வருகிறது' என்று சொல்ல ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடிக் கருவிகள், நில அதிர்வு நிலையங்கள், அத்தனையையும் வாங்கிக் கணக்குப் போடுகிற சர்வர்கள். ஆனால் அவர்கள் சர்வர் பச்சையாக இருப்பதோடு திருப்திப்படுவதில்லை. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கிடையே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பொய்யாக ஓர் எச்சரிக்கைச் செய்தி போகும். ஈமெயில், ஃபேக்ஸ், எஸ்.எம்.எஸ். என்று ஒவ்வொரு வழியிலும் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது, எது சேரவே இல்லை என்று குறித்துக்கொள்வார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை பெரிய ஒத்திகையும் உண்டு. ஜனங்களையே மேட்டுக்கு நடக்கவைத்துப் பார்க்கிற ஒத்திகை. அப்படிப் பழகிய ஒடிசாவின் இரண்டு கடற்கரைக் கிராமங்களுக்கு 2020-ல் யுனெஸ்கோவின் 'சுனாமி ரெடி' அங்கீகாரம் கிடைத்தது. எச்சரிக்கைக்குக் கடைமடை மீனவர் வீட்டு வாசல் என்று தெரிந்து செய்கிற வேலை அது.

பயிர் இன்ஷூரன்ஸுக்கு வருவோம். அந்த வெள்ளரிக்காய்க் கருவியின் சோதனை பாஷைக்கு 'கெர்கின்' என்று பெயர், ஊறுகாய் போடுகிற பிஞ்சு வெள்ளரி. அது இங்கிலீஷில் மட்டும் இல்லை, எழுபதுக்கும் மேற்பட்ட பாஷைகளில் எழுதலாம். தமிழிலும்! உண்மையாகத்தான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிற தமிழ்ச் சொற்கள் அதில் இருக்கின்றன. சீர்காழிக்கு ஒரு சோதனை எழுதினால் இப்படி இருக்கும்:

அம்சம்: பயிர்க் காப்பீட்டுப் பதிவு
காட்சி: கடைசி நாளில் வரும் விவசாயி
கொடுக்கப்பட்ட மாவட்டம் "மயிலாடுதுறை", வட்டம் "சீர்காழி"
மேலும் அடங்கல், சிட்டா, பாஸ்புக் மூன்றும் கையில் உள்ளன
எப்போது அவர் மூன்றையும் ஏற்றிப் பதிவு செய்கிறார்
அப்பொழுது இரண்டு நிமிடத்துக்குள் ரசீது அச்சாக வேண்டும்

'கொடுக்கப்பட்ட', 'எப்போது' என்பதெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்த்த தமிழ் என்பது பார்த்தாலே தெரிகிறது. 'ஏற்றும்போது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வி கேட்கிறது. பரவாயில்லை, அர்த்தம் தெரிகிறது. அடியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புரோகிராமர் ஒரு தடவை இணைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே இருக்கிற ஆறு வரியை எழுத இன்ஜினீயர் வேண்டாம். சேவை மையத்துப் பையன் எழுதலாம், வி.ஏ.ஓ.வின் உதவியாளர் எழுதலாம். எங்கே இடிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்த வட்டம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, 1991-ல் நாகப்பட்டினத்துக்குப் போய், 2020-ல் மயிலாடுதுறைக்கு வந்திருக்கிறது. மாவட்டப் பட்டியலில் சீர்காழி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதே ஒரு தனிச் சோதனைக்குத் தகும்.

இதை ஓட்டுவதில் சில சில்லறைச் சிக்கல்கள் உண்டு. நிஜமான விவசாயியின் பெயரில் சோதித்தால் அவருக்கு இரண்டு பாலிஸி ஆகிவிடும். எனவே நிலமே இல்லாத ஒரு சோதனை விவசாயியை உருவாக்கி, ஒவ்வொரு முறையும் அவர் பதிவை அழிக்க வேண்டும். சர்வருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஓட்டினால் எப்போதும் பச்சைதான் வரும். சீர்காழியில் ஒரு செல்போன் சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கிற சாதாரணக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்ட வேண்டும். ஒரு விவசாயி போதாது. நவம்பர் 15 மத்தியானம் எத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வருவார்களோ அத்தனை பேர் வேஷமும் போட வேண்டும். அதை நவம்பர் 14-ல் செய்து பிரயோஜனமில்லை. சிவப்பாக வந்தால் சரிசெய்ய நாள் வேண்டாமா? செப்டம்பரிலேயே ஓட்டிவிட வேண்டும். ஜூன் தண்ணீருக்கு மதகுக்கு கிரீஸ் போடுவது மே மாதத்தில்தானே?